ஹரி லைம் எங்கட ஆள் இல்லை

'தி தேர்ட் மேன்' படத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இரண்டு வசனங்கள் கட்டாயம் வந்து விழும். ஒன்று: "ஹரி லைம்... என்ன ஒரு ஆளப்பா!" மற்றது: "கடைசியில கூடப் படிச்ச சிநேகிதனே காட்டிக்குடுத்திட்டான்." முகநூலில் நாலு வரி எழுதுகிறவர்களும் சரி, 'கட்டாயம் பார்க்க வேண்டிய நுவார் படங்கள்' எண்டு பட்டியல் போடுகிறவர்களும் சரி, இந்த இரண்டையும்தான் வேறுவேறு சொல்லில் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். தப்பியோடுகிற குற்றவாளி மேல் சினிமா ரசிகர்களுக்கு எப்பவும் ஒரு பாசம். ஓடுகிறவனோடு சேர்ந்து ஓடத்தான் எங்கட கால்களுக்கும் விருப்பம்.

இந்த இரண்டு வசனமும் பிழை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பிழை மட்டும் எண்டால் விட்டுவிடலாம். ஆனால், இந்த வாசிப்புக்குள் ஒரு பழக்கம் ஒளிந்திருக்கிறது. அழகாகக் கதைக்கிறவன் என்ன செய்திருந்தாலும் அவன் பக்கம் போய் நிற்கிற பழக்கம் அது. அது படத்தோடு முடிந்துபோகிற பழக்கமாக எனக்குத் தெரியவில்லை.

முழுக்கதையையும் சொல்லாமல் இதை எழுத முடியாது. பார்க்காத ஆக்கள் பார்த்துவிட்டு வந்து சண்டை பிடிக்கலாம். 1949 இல் வெளிவந்த படம். இனியும் கதையைச் சொல்லிப்போட்டான் எண்டு கோவிக்கக் கூடாது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு வியன்னா நகரத்தை நாலு நாடுகள் பங்கு போட்டு வைத்திருந்தன. அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், சோவியத் யூனியன். நகரின் நடுப்பகுதி மட்டும் நாலு பேருக்கும் பொது. அதை நிர்வகிக்கும் பொறுப்பு மாதத்துக்கு மாதம் கை மாறும். ஒரே ஜீப்பில் நாலு நாட்டுச் சிப்பாய்களும் ரோந்து போவார்கள். ஒஸ்திரியா அந்நியப் படைகளிடமிருந்து விடுபட 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குண்டு விழுந்து பாதி இடிந்த அந்த ஊருக்கு, கையில் காசில்லாத ஒரு அமெரிக்க எழுத்தாளன் வந்து இறங்குகிறான். பெயர் ஹொலி மார்ட்டின்ஸ். மலிவு விலைக் கௌபோய் நாவல் எழுதுகிறவன். பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதன் ஹரி லைம் வேலை தருவதாகக் கூப்பிட்டிருக்கிறான். வந்து பார்த்தால் ஹரிக்குச் செத்தவீடு. வாகனம் அடித்துவிட்டதாம். உடலைத் தூக்கியது இரண்டு பேர் எண்டு ஹரியின் ஆக்கள் சொல்கிறார்கள். மூன்று பேர் எண்டு ஹரி இருந்த கட்டடத்தின் காவலாளி சொல்கிறார். அந்த மூன்றாம் ஆள் யார் என்பதுதான் படத்தின் முதல் பாதி.

மூன்றாம் ஆள் ஹரியேதான். செத்தது அவன் இல்லை. பிரித்தானியப் பொலிஸ் அதிகாரி மேஜர் கலோவே அவனைப் பிடிக்க அலைவதற்குக் காரணம் பெனிசிலின். அதை இராணுவ வைத்தியசாலைகளிலிருந்து களவெடுத்து, அளவு கூட்டுவதற்காகக் கலப்படம் செய்து, கறுப்புச் சந்தையில் விற்றிருக்கிறான் ஹரி.

இயக்குநர் கரோல் ரீட், திரைக்கதை எழுதிய கிரஹாம் கிரீன், ஒளிப்பதிவாளர் ரொபர்ட் கிராஸ்கர் மூன்று பேரும் சேர்ந்து எங்களுக்கு ஒரு பொறி வைக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஹரி லைம் திரைக்கே வருவதில்லை. ஆனால், வருகிற எல்லாரும் அவனைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். ஹொலி அவனை நினைத்து உருகுகிறான். காதலி அன்னா அவன் போட்ட உடுப்பை இப்பவும் போட்டுக்கொண்டு படுக்கிறாள். அவனுக்கு மட்டும் கிட்டப்போகிற ஒரு பூனை. பிறகு ஒரு இரவு, இருட்டு வாசல் ஒன்றில் நிற்கிற சப்பாத்துக்களுக்குப் பக்கத்தில் அந்தப் பூனை போய் இருக்கிறது. எதிர்வீட்டு யன்னலில் வெளிச்சம் வருகிறது. ஒர்சன் வெல்ஸின் முகம். அந்தக் குறும்புச் சிரிப்பு. பின்னால் அன்டன் கராஸின் ஸிதர்.

அந்த இடத்தில் சிரிக்காத ஆள் இருக்க முடியாது. சினிமா வரலாற்றிலேயே மிகச்சிறந்த அறிமுகக் காட்சிகளில் அது ஒன்று எண்டு சொல்வதில் எனக்கும் மறுப்பில்லை. கிராஸ்கருக்கு ஒஸ்கார் கிடைத்ததும், கான் விழாவில் படம் முதற்பரிசு எடுத்ததும், 1999 இல் பிரித்தானியத் திரைப்பட நிறுவகம் போட்ட பட்டியலில் அந்த நாட்டின் மிகச்சிறந்த படமாக இது முதலிடத்துக்கு வந்ததும் சும்மா இல்லை. பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு மணித்தியாலம் காத்திருந்து கண்ட முகம் அது. அதன் பிறகு அவன் என்ன சொன்னாலும் கேட்கிறோம். காத்திருந்ததையே அன்பு எண்டு பிழையாக விளங்கிக்கொள்கிறோம்.

அதனால் முதலில் அந்தப் பெனிசிலினைப் பற்றிக் கதைப்போம். படத்தைப் பற்றி எழுதுகிற ஆக்கள் 'கறுப்புச் சந்தை வியாபாரி' எண்டு ஒரு சொல்லில் கடந்து போகிற விசயம் இது.

அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தது 1928 இல். அது மனிதருக்குக் கொடுக்கக்கூடிய மருந்தாகப் பெருமளவில் உற்பத்தியானது போர்க்காலத்தில். போர் முடிந்த ஐரோப்பாவில் அது தங்கத்தை விட அரிது. 1945 டிசம்பரில் நோபல் உரை ஆற்றியபோது பிளெமிங்கே ஒரு எச்சரிக்கை விட்டார். அளவு குறைத்துக் கொடுத்தால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும் என்பதுதான் அது. இதை வைத்துக்கொண்டு ஹரியின் வியாபாரத்தைப் பாருங்கள். காயம் அழுகுகிற ஒருவருக்கு மருந்து ஏற்றியாகிவிட்டது எண்டு வைத்தியர் நம்புகிறார். தாய் நம்புகிறாள். உண்மையில் உள்ளே போனதில் மருந்து போதாது. காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமிக்குக் கிடைத்த நாள். மருந்தே இல்லை எண்டால் வேறு ஏதாவது வழி தேடியிருப்பார்கள். கலப்பட மருந்து அந்தத் தேடலையும் சேர்த்துக் கொல்கிறது. கால் அழுகிய ஆண்கள், பிள்ளை பெற்ற பெண்கள், மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகள் எண்டு கலோவே வரிசையாகச் சொல்கிறார். அந்தக் குழந்தைகளில் செத்தவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள் என்பது அவருடைய கணக்கு.

மருந்துக் குப்பிக்குள் மருந்து இல்லாமல் போவது என்றால் என்ன எண்டு எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2023 இல் இலங்கை வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட தரமற்ற இம்யூனோகுளோபுலின் பற்றிய செய்தியை நாங்கள் எல்லாரும் வாசித்தோம். முன்னாள் சுகாதார அமைச்சர் கைதாகும் வரைக்கும் அந்த விவகாரம் போனது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் சொல்ல வருவது வேறு. அந்தச் செய்தியை வாசித்த நேரம் ஒருத்தருக்கும் பின்னணியில் ஸிதர் கேட்கேல்லை. 'என்ன ஒரு ஆளப்பா' எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. எங்கட வீட்டு நோயாளியின் கையில் ஏறக்கூடிய ஊசி எண்ட உடனே கவர்ச்சி எல்லாம் கழன்று விழுந்துவிட்டது.

இனி ராட்டினத்துக்கு வருவம். பிராட்டர் பூங்காவில் இருக்கிற அந்த இராட்சத ராட்டினம் 1897 இல் கட்டியது. போரில் எரிந்து, திருத்தப்பட்டு, அப்போதுதான் மறுபடி சுற்றத் தொடங்கியிருந்தது. ஹொலியும் ஹரியும் ஒரு பெட்டிக்குள் ஏறி உச்சிக்குப் போகிறார்கள். கீழே திரிகிற மனிதர்களைக் காட்டி ஹரி கேட்கிறான். அந்தப் புள்ளிகளில் ஒன்று அசையாமல் நின்றுபோனால் உனக்கு உண்மையிலேயே கவலை வருமா? நிற்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் இருபதாயிரம் பவுண் தந்தால் வேண்டாம் என்பாயா? அதுவும் வரி இல்லாத காசு.

இந்த வசனத்தைப் பகிர்கிற ஆக்கள் ஒரு விசயத்தைக் கவனிப்பதில்லை. புள்ளி தெரிவது உயரத்தால். ஹரி ஹொலியை மேலே ஏற்றிக்கொண்டு போனதே அதற்காகத்தான். தரையில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்க அவனால் முடியாது. தரையில் அவை புள்ளிகள் இல்லை, முகங்கள்.

அதே காட்சியில் இன்னும் இரண்டு சின்ன விசயங்கள் இருக்கு. ஹரிக்கு வயிற்றுக்கோளாறு. குளிசை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இதுதான் கடைசி, இனி ஐரோப்பாவில் எங்கேயும் கிடைக்காது எண்டு குறைப்படுகிறான். குழந்தைகளின் மருந்தைக் களவெடுத்தவன் தன் வயிற்றுக்கு மருந்துத் தட்டுப்பாடு எண்டு முறைப்பாடு வைக்கிறான். கிரீனும் ரீடும் இதை உரத்துச் சொல்வதில்லை. வைத்துவிட்டுப் போகிறார்கள். மற்றது, பெட்டியின் கண்ணாடியில் அவன் விரலால் இதயம் கீறி அன்னாவின் பெயரை எழுதுகிறான். காதலன்தானே எண்டு நாங்கள் இளகுகிறோம். எழுதுகிற நேரம் அன்னாவின் நிலை என்ன? அவள் செக் நாட்டுக்காரி. கையில் இருப்பது கள்ளக் கடவுச்சீட்டு. அதைச் செய்து கொடுத்தவன் ஹரி. இப்போது சோவியத் ஆக்கள் அவளைத் தேடுகிறார்கள். அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? சோவியத் பகுதியில் ஹரி ஒளிந்திருக்க வேண்டுமானால் அவர்களுக்கு அவன் ஏதாவது பயன்பட வேண்டும். நீதானே சொன்னாய் எண்டு ஹொலி கேட்கும்போது, பொலிஸ்காரன் மாதிரிக் கதைக்காதே எண்டு நழுவுகிறான். இல்லை எண்டு மறுக்கவில்லை.

'தி தேர்ட் மேன்' படத்தில் முதலில் காட்டிக்கொடுத்தவன் ஹரி லைம். அதுவும் தன்னை உயிராக நம்பிய பெண்ணை. இதை ஏன் ஒருத்தரும் சொல்வதில்லை?

எங்கட ஆக்களிடத்தில் 'காட்டிக்கொடுத்தவன்' என்பது லேசான சொல் இல்லை. அது ஒருவனின் பெயருக்கு முன்னால் விழுந்துவிட்டால் பிறகு விசாரணை கிடையாது. அவன் என்ன செய்தான், ஏன் செய்தான் எண்டு கேட்கிறவன் மேலும் அந்தச் சொல் விழும். அவ்வளவு பாரமான சொல்லை ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஹொலி மார்ட்டின்ஸின் தலையில் சும்மா போடக் கூடாது. போட முன்னம் நாலு கேள்வி கேட்க வேணும். யாரைப் பற்றிச் சொன்னான்? யாரிடம் சொன்னான்? எதற்காகச் சொன்னான்? என்ன கூலி வாங்கினான்?

ஹரிக்கு இந்த நாலையும் போட்டுப் பாருங்கள். சொன்னது, ஒரு குற்றமும் செய்யாத காதலியைப் பற்றி. சொன்ன இடம், அவளைப் பிடித்துக்கொண்டு போகக்கூடிய ஒரு ஆட்சி. காரணம், தான் தப்ப வேண்டும். கூலி, ஒளிய ஒரு இடம்.

இனி ஹொலி. அவன் இரண்டு தரம் அந்த முடிவுக்கு வருகிறான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பிழையான தீர்ப்பு வருகிறது. முதல் தரம் அது பேரம். ஹரியைப் பிடிக்க உதவுகிறேன், பதிலுக்கு அன்னாவைப் பாதுகாப்பாக அனுப்புங்கள் எண்டு கலோவேயிடம் கேட்கிறான். அன்னா மேல் அவனுக்கும் ஒரு கண். அதனால் அந்தப் பேரத்தில் அவனுக்கும் ஒரு ஆசை கலந்திருக்கிறது. இதை வெள்ளையடிக்க நான் வரவில்லை. புகையிரத நிலையத்தில் அன்னாவுக்கு விசயம் விளங்குகிறது. தன்னை விலையாக வைத்து ஹரியை வாங்குவதை அவள் ஏற்கவில்லை. புகையிரதம் அவள் இல்லாமலே போகிறது. பேரம் உடைகிறது. ஹொலியும் பின்வாங்குகிறான். ஊருக்குப் போகிறேன், என்னை விட்டுவிடுங்கள் என்கிறான்.

போகிற வழியில் கலோவே அவனைக் குழந்தைகள் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகிறார். அங்கேதான் இரண்டாவது முடிவு வருகிறது. ஹரியைப் பிடிக்க நான் வருகிறேன் என்கிறான். இந்தத் தரம் கூலி இல்லை. அன்னா கிடைக்கப் போவதில்லை, அவள் இனி முகம் கொடுத்தும் பார்க்க மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். நண்பனையும் இழக்கிறான், அவளையும் இழக்கிறான், கையில் ஒன்றும் மிஞ்சாது. எல்லாக் கூலியும் கைவிட்டுப்போன பிறகு ஒருவன் எடுக்கிற முடிவைக் காட்டிக்கொடுப்பு என்று சொல்வதென்றால், பிறகு சாட்சி சொல்வதற்கு என்ன பெயர் வைப்பது? இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கிற ஊரில் சாட்சி சொல்ல ஒருத்தரும் வர மாட்டார்கள். அது குற்றம் செய்கிறவனுக்கு வசதியான ஊர்.

அந்தக் கட்டடக் காவலாளியை மறந்துவிடாதீர்கள். மூன்று பேர் எண்டு சொன்னவர். பொலிஸாரிடம் சொல்ல விருப்பமில்லாமல் இருந்தவர், கடைசியில் ஹொலியிடம் மிச்சத்தையும் சொல்ல ஒத்துக்கொள்கிறார். சொல்ல முன்னமே கொல்லப்படுகிறார். ஹரியின் சவப்பெட்டிக்குள் கிடந்தவனும் அப்படித்தான். ஹார்பின் எண்டு ஒரு வைத்தியசாலை ஊழியன். ஹரிக்காக மருந்து களவெடுத்தவன், பிறகு பொலிஸாரிடம் தகவல் சொன்னவன். ஹரி லைமைச் சுற்றி வாய் திறந்த ஆக்கள் எல்லாம் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ராட்டினத்தில் ஹொலிக்கும் அதே நிலை வரப் பார்க்கிறது. பெட்டியின் கதவைத் திறந்துவிட்டு ஹரி அவனை அளவெடுக்கிறான். சவப்பெட்டியைத் தோண்டியாகிவிட்டது, நீ உயிரோடு இருப்பது பொலிஸுக்குத் தெரியும் எண்டு ஹொலி சொன்ன பிறகுதான் சிநேகிதம் திரும்ப வருகிறது. சிநேகிதத்துக்குத் துரோகம் செய்தவன் ஹொலி எண்டு எழுதுகிறவர்கள் அந்தத் திறந்த கதவை எங்கே வைத்தார்கள்?

இந்த இடத்தில் வழமையாக வருகிற மறுப்பு ஒன்று இருக்கு. அதையும் பார்ப்பம். "கலோவே மட்டும் என்ன யோக்கியமோ? அந்த நாலு நாடும் என்ன புண்ணியவான்களோ?"

இல்லை. கலோவே அன்னாவை ஒரு துரும்புச் சீட்டாகப் பாவிக்கிறார். அவளைச் சோவியத் கைக்குப் போக விடவும் அவர் தயார். வைத்தியசாலைக்கு ஹொலியைக் கூட்டிப்போவதும் கருணையால் இல்லை, அவனை மனம் மாற்றத்தான். நகரங்களைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கிய அரசுகள் அந்த ஜீப்பில் சீருடையோடு இருந்து கொண்டு ஒழுங்கைப் பற்றிக் கதைக்கின்றன. இதெல்லாம் உண்மை. படமும் மறைக்கவில்லை.

ஆனால், இது ஹரியின் வாதம் என்பதைக் கவனியுங்கள். ராட்டினத்தில் அவன் சொல்வது அப்படியே இதுதான். அரசுகள் மனிதரைப் பற்றி யோசிப்பதில்லை, அவர்களுக்கு ஐந்தாண்டுத் திட்டம் மாதிரி எனக்கும் ஒரு திட்டம், நான் மட்டும் ஏன் யோசிக்க வேணும்? எங்கட தலைமுறைக்கு இந்த வாதம் கேட்க நல்லாத்தான் இருக்கும். அரசு சொன்னதை நம்பி ஏமாந்த ஆக்களின் பிள்ளைகள் நாங்கள். 'எல்லாரும் கள்ளர்தானே' எண்டு சொன்னால் புத்திசாலி மாதிரி ஒரு உணர்வு வரும். அந்த உணர்வுதான் ஆபத்து. எல்லாரும் கள்ளர் எண்டால் ஒருத்தரையும் கேள்வி கேட்கத் தேவையில்லை. மருந்தில் கலப்படம் செய்தவனும் மருந்துக்கு வரிசையில் நின்றவளும் ஒரே தராசில் ஏறிவிடுவார்கள். அரசு மனிதரைப் புள்ளியாகப் பார்க்கிறது என்பது, அரசுக்கு எதிரான குற்றச்சாட்டு. அதை எடுத்துத் தனக்கு அனுமதிப்பத்திரமாக எழுதிக்கொள்கிறான் ஹரி. அவன் அதிகாரத்துக்கு எதிரான கலகக்காரனும் இல்லை. நாலு அதிகாரங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் கடை போட்டவன்.

பிறகு அந்தப் புகழ்பெற்ற குயில் கடிகார வசனம். சண்டையும் கொலையுமாக இருந்த இத்தாலி மைக்கலாஞ்சலோவைத் தந்தது, அமைதியாக இருந்த சுவிற்சர்லாந்து குயில் கடிகாரத்தைத்தான் தந்தது எண்டு ஹரி சொல்லிவிட்டுப் போகிறான். கிரீன் எழுதிய திரைக்கதையில் அது இல்லை, வெல்ஸ் சேர்த்தது. முதல் விசயம், குயில் கடிகாரம் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதிச் சாமான். இரண்டாவது, இரத்தம் சிந்தினால் கலை வரும் என்பது இரத்தம் சிந்தாத ஆக்கள் சொல்கிற கதை. போர் நடந்த ஒரு ஊரிலிருந்து கொண்டு இந்த வசனத்தைச் சுவரில் எழுதிவைக்கிறதுக்கு ஒரு தனித் துணிச்சல் வேணும். கலை வந்தாலும், அது செத்தவர்களுக்கான நட்டஈடு இல்லை.

சரி, அன்னா? எனக்கு எதிரான உண்மையான வாதம் அவள்தான். அவள் மடைச்சி இல்லை. ஹரி செய்தது எல்லாம் கலோவே சொல்லி அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டும், ஒருவனைப் பற்றி இன்னும் கொஞ்சம் அறிந்ததால் அவன் வேறு ஆளாகிவிட மாட்டான் எண்டு நிற்கிறாள். தன்னை விற்ற மனிதனுக்காகத் தன் பாதுகாப்பை உதறுகிறாள். பொறி வைத்திருந்த தேநீர்க்கடைக்குப் போய் அவனை எச்சரிக்கிறாள். அந்த நிமிர்வுக்கு மரியாதை கொடுக்காமல் இந்தப் படத்தைப் பார்க்க முடியாது.

ஆனால், அன்னா அந்த வைத்தியசாலைக்குப் போகவில்லை. ஹொலியும் போகும் வரைக்கும் ஏறக்குறைய அவள் பக்கம்தான் நின்றான். கேட்டறிந்தது அவனை மாற்றவில்லை, பார்த்தது மாற்றியது. இன்னொன்று, ரீட் எங்களுக்கும் அந்தக் குழந்தைகளைக் காட்டுவதில்லை. கட்டில்களுக்கு மேலால் குனிகிற முகங்கள் தெரிகின்றன. ஒரு தாதி ஒரு கரடிப் பொம்மையை எடுத்துத் தலைகீழாகப் போடுகிறாள். அவ்வளவுதான். எந்தக் குழந்தையும் தெரியாது. எங்களையும் அன்னாவின் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். கேள்விப்பட்டோம், காணவில்லை. கண்டது வெல்ஸின் சிரிப்பை மட்டும். இந்த நிலையில் யார் பக்கம் நிற்பீர்கள் என்பதுதான் படம் எங்களுக்கு வைக்கிற சோதனை. படம் வந்த நாளிலிருந்து உலகம் அதில் தோற்றுக்கொண்டே இருக்கிறது.

தோற்றதற்குச் சாட்சி வேணுமா? 1951 இல் வெல்ஸின் குரலிலேயே ஹரி லைமின் சாகசங்கள் வானொலித் தொடராக வரத் தொடங்கின. அதில் அவன் ஊரூராகத் திரிகிற, பிடிக்கக்கூடிய ஒரு எத்தன். 1959 இல் தொலைக்காட்சித் தொடர் வந்தபோது ஹரி லைம் மர்மங்களைத் துப்பறிகிற கனவான் ஆகிவிட்டார். பெனிசிலின் எங்கே? காற்றோடு போய்விட்டது. இன்றைக்கு வியன்னாவுக்குப் போனால் அந்த நிலத்தடிக் கால்வாய்களைச் சுற்றிக்காட்டுகிறார்கள். படத்துக்கு எண்டு ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. ஒரு கதையை நேசிப்பதில் பிழையில்லை. கொலைகாரனைக் கழுவி எடுத்து, அவனால் செத்தவர்களைக் கதையிலிருந்து அழிப்பது நேசிப்பு இல்லை.

அழிக்கப்பட்டவர்களில் ஒருவரின் பெயரை மட்டும் சொல்லி முடிக்கிறேன். சார்ஜன்ட் பெய்ன். கலோவேயின் உதவியாளர். நடித்தவர் பேர்னார்ட் லீ. படம் முழுக்கப் பணிவாக, கொஞ்சம் வேடிக்கையாக வந்து போவார். ஹொலியின் மலிவு நாவல்களை விரும்பி வாசித்த ஆள், அந்த நகரத்தில் அவனை எழுத்தாளன் எண்டு உண்மையிலேயே மதித்தவர். கால்வாய்க்குள் ஹரி ஓடுகிற அந்தப் பெரிய காட்சியில், ஆபத்துக்குள் நிற்கிற ஹொலியை இழுக்க முன்னுக்கு வருகிறார். ஹரி அவரைச் சுட்டுக் கொல்கிறான். அடுத்த நிமிசமே கமெரா ஹரிக்குப் பின்னால் போய்விடும், எங்கட மனமும் சேர்ந்து போய்விடும். இரும்புத் தட்டிக்கு வெளியே நீளுகிற ஹரியின் விரல்களைப் பற்றி எத்தனையோ பேர் உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். பெய்னைப் பற்றி ஒரு வரி வாசித்த ஞாபகம் எனக்கு இல்லை.

படம் முடியும்போது சவக்காலை வழியே அன்னா நடந்து வருகிறாள். ஹொலி காத்து நிற்கிறான். அவள் பார்க்காமலே கடந்து போகிறாள். கிரீன் தன் கதையில் இருவரையும் சேர்த்துத்தான் நடக்க விட்டிருந்தார். ரீட் ஒத்துக்கொள்ளவில்லை. ரீட்தான் சரி எண்டு பிறகு கிரீனே சொன்னார். ஹொலிக்கு ஒரு பரிசும் இல்லை. சரியானதைச் செய்தவனுக்குப் பரிசு உண்டு எண்டு இந்தப் படம் பொய் சொல்லவில்லை.

அடுத்த தரம் பார்க்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். கால்வாய்க் காட்சியில் ஹரியோடு ஓடாமல், பெய்ன் விழுந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பிறகு வந்து சொல்லுங்கள், ஹரி லைம் என்ன ஒரு ஆள் எண்டு.